குமரி மாவட்டப் பிள்ளைகளுக்குக் கணித ஒலிம்பியாட்: எங்கே தொடங்கணும், எங்கே வழுக்குது?

மார்த்தாண்டம் டீச்சர்:
ஒன்பதாம் வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் கணக்கில் கெட்டி. பாதிப்பேர் தமிழ்வழி. ஸ்கூலுக்கு வருஷந்தோறும் நாலைந்து 'ஒலிம்பியாட்' நோட்டீஸ் வருது, எல்லாத்துக்கும் பணம், எல்லாத்துக்கும் மெடல். இதில் உண்மையான வழி எது? எந்த மாசம் என்ன செய்யணும்? இன்னொரு யோசனை: சனிக்கிழமைகளில் ஒரு கணித வட்டம் தொடங்கி, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு ஒரு போட்டியும் வைக்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க.

பகாஎண்73:
டீச்சர், ஒலிம்பியாட் என்ற பேரை யார் வேணும்னாலும் போட்டுக்கலாம். இந்திய அணியை அனுப்புற ஏணி ஒண்ணுதான். முதல் படி ஐஓக்யூஎம் என்கிற தகுதித் தேர்வு, செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு. அதில் தேறினா மண்டல அளவில் ஆர்எம்ஓ, அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் முதல் பாதி. அடுத்தது தேசிய அளவில் ஐஎன்எம்ஓ, ஜனவரி நடுவில். அதிலும் தேறினவங்களுக்குக் கோடையில் பயிற்சி முகாம், அங்கிருந்து 6 பேர் சர்வதேசப் போட்டிக்குப் போவாங்க. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் ஏணியின் மேல்பாதியைப் பார்த்துக்குது. ஐஓக்யூஎம் நடத்துறது எம்டிஏஐ என்கிற கணித ஆசிரியர் சங்கம். இந்தியா முதலில் கலந்துகிட்டது 1989-ல். 1996-ல் மும்பையிலேயே நடந்தது. 2024-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் 4 தங்கம் வாங்கி நாலாவது இடம்.

8-ம் வகுப்பிலிருந்து 12 வரை ஐஓக்யூஎம் எழுதலாம். நோட்டீஸில் வர்ற மெடல் பரீட்சை எதுவும் இந்த ஏணியில் ஒரு படிகூட ஏத்தாது. பிள்ளைக்கு ஆசைன்னா எழுதட்டும், தப்பில்லை. ஆனா அதுதான் ஒலிம்பியாட்னு பெற்றோர் நம்பிட்டா, 11-ம் வகுப்பில்தான் உண்மை தெரியவரும்.

நாஞ்சில்மூலை:
இதில் ஒரு குழப்பம் ரொம்பப் பேருக்கு இருக்கு, முதலிலேயே தீர்த்துடுவோம். ஏஎம்டிஐ வேற, எம்டிஏஐ வேற. ஏஎம்டிஐ சென்னையில் 1965-ல் தொடங்கின பழைய சங்கம். அது நடத்துறது என்எம்டிசி என்கிற திறன்போட்டி. 5, 6-க்குக் காஸ் பேரில் ஒண்ணு, 7, 8-க்குக் கப்ரேக்கர், 9, 10-க்குப் பாஸ்கரா, 11, 12-க்கு ராமானுஜன், பட்டப்படிப்புக்கு ஆர்யபட்டா. முதல்சுற்று, இறுதிச்சுற்று என இரண்டு கட்டம். ஒண்ணில் பேர் கொடுத்துட்டு மற்றதுக்கு அழைப்பு வரும்னு காத்திருந்த கதை ஊருக்கு நாலு உண்டு.

என் கருத்து, 7, 8-ம் வகுப்புக்கு என்எம்டிசி போதும். கணக்குகள் சின்னது, யோசிக்க வைக்கும், பயமுறுத்தாது. தப்பு விடைக்கு மார்க் குறையுதான்னு அந்தந்த வருஷ வினாத்தாளின் முதல் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக்கொடுங்க. முதல் பக்கத்தை வாசிக்காமலே உள்ளே பாயுற பழக்கம் நம்ம பிள்ளைகளுக்கு ஜாஸ்தி.

தக்கலைநாற்கரம்:
ஐஓக்யூஎம் தாளைப் பற்றி. 30 கேள்வி, 3 மணி நேரம், 100 மார்க். 2 மார்க்கில் பத்து, 3 மார்க்கில் பத்து, 5 மார்க்கில் பத்து. நெகட்டிவ் கிடையாது. நாலு விடையில் ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற முறையும் கிடையாது. எல்லா விடையும் 00 முதல் 99 வரையுள்ள ஒரு முழு எண். விடை எழுதுறது ஓஎம்ஆர் தாளில், அதாவது வட்டத்தைக் கறுப்பாக்குற தாள்: பத்தாம் இடத்துக்கு ஒரு வரிசை, ஒன்றாம் இடத்துக்கு ஒரு வரிசை.

உதாரணமா, 7-ஐ 2025 தடவை பெருக்கி 100-ஆல் வகுத்தா மீதி என்ன? 7-இன் நாலாம் அடுக்கு 2401, அதன் மீதி 1. 2025-ஐ 4-ஆல் வகுத்தா மீதி 1. ஆக விடை 7. இவ்வளவும் சரியாப் போட்டுட்டு, ஒன்றாம் இடத்தில் 7-ஐ மட்டும் கறுப்பாக்கி பத்தாம் இடத்தை வெறுமனே விடுற பிள்ளை உண்டு. 07 என்று இரண்டையும் நிரப்பணும். வீட்டில் பழகும்போதே பழைய தாளோடு ஓஎம்ஆர் மாதிரியையும் அச்செடுத்துக் கொடுங்க. கடைசி 15 நிமிஷத்தில் மொத்தமா நிரப்பலாம்னு விட்டா வரிசை ஒண்ணு மாறி எல்லாம் மாறிடும். ஐந்து கணக்குக்கு ஒருதரம் நிரப்புறது நல்லது.

விடை 132-ன்னு வந்தா எங்கேயோ பிசகியிருக்குன்னு அர்த்தம், அந்த இடத்திலேயே திரும்பிப் பார்க்கலாம். இந்தத் தாள் தானா தர்ற ஒரே உதவி அதுதான்.

பாடம் என்று பார்த்தா எண்ணியல், இயற்கணிதம், வடிவியல், சேர்ப்பியல் (எத்தனை விதமா முடியும்னு எண்ணுறது) நாலும். நுண்கணிதம் வேண்டாம். இதில் நம்ம மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைக்கு ஒரு சாதகம் இருக்கு, யாரும் கவனிக்கிறதில்லை: பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் மட்டு எண்கணிதம் (மீதியை வச்சுப் போடுற கணக்கு) இருக்கு, சீவா தேற்றமும் மெனலாஸ் தேற்றமும் இருக்கு. பொதுத்தேர்வுக்கு முக்கியமில்லைன்னு தள்ளிட்டுப் போற பகுதிதான் இங்கே சோறு போடும். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் அந்த இரண்டையும் முடிச்சுடலாம்.

குளச்சல்காற்று:
தேதியையும் பாருங்க. செப்டம்பர் முதல் வாரம்னா சில வருஷம் நமக்கு ஓணம். 2025-ல் திருவோணம் 5-ம் தேதி, ஐஓக்யூஎம் 7-ம் தேதி. பிள்ளை திருவனந்தபுரத்தில் சொந்தக்காரங்க வீட்டில் இருக்கும், ஹால் டிக்கெட் இங்கே கெடக்கும். அது முடிஞ்ச கையோட காலாண்டுத் தேர்வு. ஆகஸ்டு கடைசிக்குள் ஸ்கூல் பாடத்தை ஒப்பேத்தி வைக்கணும்.

பதிவு பள்ளி திறந்த கொஞ்ச நாளில் தொடங்கும். பதியும்போது மையம் மட்டும் பார்த்தா போதாது, மண்டலம் என்ன போட்டிருக்குன்னு பாருங்க. களியக்காவிளைக்காரனுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம், ஆனா அது கேரளா மண்டலம். மேலே ஏறுறதுக்கான கட்-ஆஃப் மண்டலவாரியா வருது.

பகாஎண்73:
இனி முக்கியமான விஷயம். நம்ம பிள்ளை எங்கே விழுதுன்னா, ஐஓக்யூஎம்மில் இல்லை, அதுக்கு அடுத்த படியில். ஆர்எம்ஓவில் 6 கேள்வி, 3 மணி நேரம், மொத்தம் 102, கேள்விக்கு 17. விடை கேட்கவே மாட்டாங்க, நிறுவுன்னு சொல்லுவாங்க. பத்து வருஷமா விடையை மட்டும் கட்டம்கட்டிப் பழகின கை அங்கே நின்னுபோகுது.

பழைய கணக்கு ஒண்ணு சொல்றேன். க எந்த முழு எண்ணாக இருந்தாலும் க² + 3க + 5 என்பது 121-ஆல் வகுபடாது என நிறுவுக. பிள்ளை என்ன எழுதும்? 'க = 4 எனில் 33. க = 15 எனில் 275. க = 26 எனில் 759. எதுவும் 121-ஆல் வகுபடவில்லை. எனவே நிறுவப்பட்டது.' இதுக்கு 17-க்கு ஒண்ணோ பூஜ்யமோதான் கிடைக்கும். இத்தனைக்கும் பிள்ளை நல்ல இடத்தைத்தான் தொட்டிருக்கு: 4, 15, 26 எல்லாம் 11 இடைவெளியில் வருது, அந்த மூணு மதிப்பும் 11-ஆல் வகுபடுது. அதைப் பார்த்த கண்ணு, ஏன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா முடிஞ்சது.

முழு விடை நாலு வரிதான். க² + 3க + 5 = (க − 4)(க + 7) + 33. இது 121-ஆல் வகுபட்டா 11-ஆலும் வகுபடும். 33-ஐ 11 வகுக்கும், ஆக (க − 4)(க + 7)-ஐயும் 11 வகுக்கணும். 11 பகா எண், அதனால் இரண்டு காரணியில் ஒண்ணையாவது வகுக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் சரியா 11, எனவே ஒண்ணை வகுத்தா மற்றதையும் வகுக்கும். அப்போ பெருக்கற்பலன் 121-ஆல் வகுபடும். மொத்தமும் 121-ஆல் வகுபடணும்னா மிச்சமுள்ள 33-உம் வகுபடணும். அது நடக்காது.

இதில் '11 பகா எண்' என்ற சொல்லை விட்டா திருத்துறவர் அங்கே கோடு போடுவார். 12 ஆக இருந்தா அந்த வாதம் நிக்காதே.

இன்னும் சில இடங்கள். மிகை எண்களுக்கான அ/ஆ + ஆ/இ + இ/அ ≥ 3 மாதிரி சமனிலியில் 'பொதுமை கெடாமல் அ ≥ ஆ ≥ இ என்க' என்று தொடங்குறது. இந்தக் கோவை சுழற்சியில் மாறாது, ஆனா எந்த இரண்டை இடம் மாற்றினாலும் மாறாதுன்னு சொல்ல முடியாது. மூணில் அ பெரியதுன்னு மட்டும் எடுத்துக்கலாம், மற்ற இரண்டுக்கும் வரிசை சொல்லக்கூடாது. வடிவியலில் ஒரு படம் வரைஞ்சு, அந்தப் படத்தில் புள்ளி உள்ளே விழுந்ததால் எப்பவும் உள்ளேதான்னு எடுத்துக்கிறது. விரிகோண முக்கோணத்தில் செங்கோட்டு மையம் (மூணு குத்துக்கோடும் சந்திக்கிற புள்ளி) வெளியே போயிடும், கோணங்களின் கூட்டல் கழித்தலாகும். அப்புறம், நிறுவ வேண்டியதையே முதல் வரியில் எழுதி, அங்கிருந்து கீழே இறங்கி 0 = 0-ன்னு முடிக்கிறது. படிகளைத் திருப்பி ஏறமுடியும்னு காட்டாத வரை அது நிரூபணம் ஆகாது.

கருங்கல்அப்பா:
சார் சொல்றது சரி, ஆனா நடைமுறையைப் பார்க்கணும்ல. ஒன்பதாம் வகுப்பிலேயே நிரூபணம், ஆர்எம்ஓன்னு போனா ஜேஇஇ கோச்சிங் என்னாகும்? மொத்தத் தமிழ்நாட்டிலேயே ஐஎன்எம்ஓ போறது கொஞ்சம் பேர். மிச்சப் பிள்ளைகளுக்கு என்ன லாபம்?

நாஞ்சில்மூலை:
அண்ணாச்சி, நியாயமான கேள்வி. பொறியியல் ஒண்ணுதான் வழின்னா இதை வாரம் ஒன்றரை மணியோடு நிறுத்திக்கலாம், ஜேஇஇக்குப் பழுதில்லை. ஆனா கணக்கையே படிக்கணும்னு நினைக்கிற பிள்ளைக்கு 12 முடிச்சு இரண்டு நல்ல வாசல் இருக்கு, இரண்டிலும் நிரூபணத்தைக் கையால் எழுதச் சொல்லுவாங்க.

ஒண்ணு, சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனம், சிஎம்ஐ. 1989-ல் சி. எஸ். சேஷாத்ரி தொடங்கினது. நுழைவுத் தேர்வில் முதல் பகுதி குறுவிடை, இரண்டாம் பகுதி முழுக்க எழுதணும். முதல் பகுதியில் தேவையான மார்க் இல்லைன்னா இரண்டாம் பகுதியைத் திருத்தவே மாட்டாங்க. இன்னொண்ணு இந்தியப் புள்ளியியல் நிறுவனம், ஐஎஸ்ஐ, மகலனோபிஸ் 1931-ல் கொல்கத்தாவில் தொடங்கினது. அதன் பி.மேத் என்கிற கணிதப் பட்டப்படிப்பு பெங்களூரில். அங்கே காலையில் 30 கொள்குறி வினா, பிற்பகல் 8 விரிவான வினா, இரண்டுக்கும் 2 மணி நேரம். காலைத் தாளில் இதுவரை இருந்த முறை: சரிக்கு 4, தப்புக்கு 0, தொடாமல் விட்டதுக்கு 1. ஆக இரண்டு விடையை ஒதுக்கிட்டு மிச்சம் இரண்டில் குருட்டாம்போக்கில் ஒண்ணைக் குத்தினா சராசரி 2, விட்டா 1. நாலில் ஒண்ணைக் குத்தினா சராசரி 1, விட்டாலும் 1. எப்போ குத்தலாம்னு பிள்ளையே கணக்குப் போட்டுக்கலாம்.

தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் வேற. அல்லாடி ராமகிருஷ்ணன் 1962-ல் தொடங்கினது, அது ஆராய்ச்சிக்கான இடம். பெயர் மாறிக் குழம்பி +2 முடிச்ச பிள்ளையை அங்கே விண்ணப்பிக்கச் சொல்லாதீங்க.

தக்கலைநாற்கரம்:
கணித வட்டம் பற்றி யாரும் எழுதலையே. டீச்சர், சனிக்கிழமை சரியான நாள்தான். ஞாயிறு காலை இந்த மாவட்டத்தில் நடக்காது, பாதிப்பேருக்குக் கோயிலும் வேதபாடமும். மதியம் 2.30 முதல் 4 வரை வைங்க. பேச்சிப்பாறை, கடையால் பக்கத்துப் பிள்ளைக்கு இருட்டுமுன் பஸ் பிடிக்கணும்.

12 முதல் 15 பேர் போதும். 8-ம் வகுப்பையும் 11-ம் வகுப்பையும் ஒண்ணா உட்காரவைக்காதீங்க, சின்னது வாய் திறக்காது. வகுப்பில் முதல் ரேங்க் வாங்குறவங்களை மட்டும் பொறுக்குறதும் வேண்டாம். ஒரு கணக்கோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுற பிள்ளைதான் வேணும், அது பலசமயம் அஞ்சாவது ரேங்கில் இருக்கும்.

ஒரு நாளைக்கு நாலு கணக்கு. ஒண்ணு எல்லாருக்கும் வரக்கூடியது, இரண்டு நடுத்தரம், ஒண்ணு வீட்டுக்குக் கொண்டுபோக. 40 நிமிஷம் யாரும் போர்டுப் பக்கம் போகக்கூடாது, டீச்சர் உட்பட. வட்டம் கெடுறதே இங்கேதான்: பத்து நிமிஷம் அமைதியா இருந்தா நமக்குக் கை துறுதுறுக்கும், போய் எழுதிடுவோம், அப்புறம் அது டியூஷன். மாட்டிக்கிட்ட பிள்ளைக்குக் குறிப்பு கேள்வியா இருக்கட்டும்: சின்ன எண்ணுக்குப் போட்டுப் பார்த்தியா? எது மாறாம இருக்கு?

அடுத்து, ஒரு கணக்கின் விடையை முழு வாக்கியமா எழுதச் சொல்லி, தாளைப் பக்கத்துப் பிள்ளையோடு மாத்திக்கணும். சர்வதேசப் போட்டியில் கேள்விக்கு 7 மார்க், அதே அளவுகோல் வைங்க. முழுசா இருந்தா 7, சின்னப் பிசகுக்கு 6, உருப்படியா ஒரு அடி எடுத்து வச்சிருந்தா 1 அல்லது 2. திருத்துற பிள்ளை 'இந்த வரி எப்படி வந்துச்சு?'ன்னு ஓரத்தில் எழுதணும். மூணு மாசத்தில் எழுத்து மாறும். தமிழ்வழிப் பிள்ளை தமிழிலேயே எழுதட்டும், வாதம் நேரானா மொழி பின்னால் வரும். வினாத்தாள் எந்தெந்த மொழியில் வருதுன்னு அந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்கோங்க.

மார்த்தாண்டம் டீச்சர்:
ரொம்ப உபகாரம் சார். போட்டியை டிசம்பர் 22, தேசியக் கணித தினத்தில் வைக்கலாம்னு இருக்கேன். தாள் எப்படி அமைக்கலாம்?

குளச்சல்காற்று:
டிசம்பர் 22-க்கு ஆசைப்படாதீங்க டீச்சர். அரையாண்டுப் பரீட்சையும் கிறிஸ்துமஸும் நெருக்குற நேரம். எந்த ஸ்கூலும் பிள்ளையை விடாது, குடில் கட்டுறவனும் வரமாட்டான். ஜூலை கடைசி சனி வைங்க. நல்லா எழுதினவங்களை அப்படியே ஐஓக்யூஎம்முக்குப் பதிய வைக்கலாம்.

பகாஎண்73:
நானும் ஜூலைதான் சொல்லுவேன். தாள்: 12 குறுவிடை, 3 நிரூபணம், 2 மணி நேரம். ஏ4 தாளில் முன்னும் பின்னும் அடங்கணும்.

கேள்வி அமைச்சவர் விடைக்குறிப்பு தயாரிக்கக்கூடாது. தாளைப் பார்க்காத இன்னொருத்தர் கடிகாரம் வச்சு உட்கார்ந்து எழுதணும். அவர் எடுத்த நேரத்தைப் போல மூணு மடங்கு பிள்ளைக்கு வேணும்.

தப்புக் கேள்வி எப்படி நுழையும்னு இரண்டு உதாரணம். 'ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கம் 3, 4. மூன்றாவது என்ன?' எல்லாரும் 5 என்பாங்க. 4 கர்ணமா இருந்தா மூன்றாவது √7. 'செங்கோணத்தை அடக்கிய பக்கங்கள்' என்ற சொல் விட்டுப்போச்சு. அடுத்தது இன்னும் மோசம்: 'கர்ணம் 10, செங்கோண முனையிலிருந்து கர்ணத்துக்குக் குத்துக்கோடு 6. பரப்பளவு என்ன?' விடைக்குறிப்பில் 30-ன்னு இருக்கும். அப்படி ஒரு முக்கோணமே கிடையாது. கர்ணத்தை விட்டமாகக் கொண்ட வட்டத்தில்தான் செங்கோண முனை இருக்கும், ஆரம் 5, ஆக குத்துக்கோடு 5-ஐத் தாண்டாது. 'அப்படி ஒரு முக்கோணம் இல்லை'ன்னு எழுதின நல்ல பிள்ளைக்கு முட்டை விழும். '1-க்கும் 100-க்கும் இடையே' என்று எழுதினா இரண்டு முனையும் சேர்த்தியான்னு சொல்லணும். 'எண்' என்று மொட்டையா விடக்கூடாது.

திருத்துறதுக்கு ஆள் கணக்கு: 80 பிள்ளைன்னா நிரூபணம் மட்டும் 240 விடை. ஒண்ணுக்கு 4 நிமிஷம்னா 16 மணி நேரம். கேள்விக்கு ஒருத்தரா மூணு பேர் இருந்தா ஆளுக்கு 5 மணி 20 நிமிஷம், அன்னைக்கே முடிக்கலாம். ஒரு கேள்வியை முழுக்க ஒரே ஆள் திருத்தணும், தாளை ஆளுக்குக் கொஞ்சமா பிரிக்காதீங்க. தாளில் பேர், ஸ்கூல் வேண்டாம், எண் மட்டும். சின்ன ஊர், கையெழுத்து பார்த்தே யார்னு தெரியும், பேரையும் காட்டவேண்டாம்.

புன்னைநகர்பிஎஸ்சி:
அண்ணா, நாகர்கோவிலில் பிஎஸ்சி கணிதம் இரண்டாம் வருஷம். எங்களுக்கு ஏதாவது உண்டா?

நாஞ்சில்மூலை:
உண்டு தம்பி. மாதவா கணிதப் போட்டி பட்டப்படிப்பு மாணவர்களுக்கானது. எம்டிடிஎஸ் என்கிற கோடைப் பயிற்சி 1993-லிருந்து நடக்குது, அங்கே ஆசிரியர் விடை சொல்றதை விட உங்களைக் கேள்வி கேட்கிறதுதான் அதிகம். முதுகலைக்கு ஜாம் என்கிற நுழைவுத் தேர்வு: 60 கேள்வி, 3 மணி நேரம், 100 மார்க். கொள்குறியில் தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும், எண் விடையில் குறையாது. கழகங்களில் சேரணும்னா 1907-ல் வி. ராமசுவாமி ஐயர் தொடங்கின இந்தியக் கணிதக் கழகமும், 1985-ல் திருச்சியில் தொடங்கின ராமானுஜன் கணிதக் கழகமும் இருக்கு. ராமானுஜனின் முதல் கட்டுரை 1911-ல் வந்தது அந்த முதல் கழகத்தின் இதழில்தான்.

எஸ். எஸ். பிள்ளை இண்டர்மீடியட் படிச்சது உங்க ஊர் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில், தெரியுமா? எந்த இயல் எண்ணையும் ஆறாம் அடுக்குகளின் கூட்டலா எழுத அதிகபட்சம் 73 போதும்னு 1940-ல் நிறுவினவர். 64 + 11 − 2. 11 எப்படி வந்துச்சுன்னு நீங்களே பாருங்க: ஒன்றரையின் ஆறாம் அடுக்கில் முழு எண் பகுதி. 1950-ல் அமெரிக்காவில் நடந்த கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். மேலே ஒருத்தர் 73-ன்னு பேர் வச்சிருக்காரே, காரணம் அதுவாத்தான் இருக்கும்.

பகாஎண்73:
அதேதான்.

கருங்கல்அப்பா:
ஒரு சந்தேகம். பொம்பளைப் பிள்ளைக்கு தனியா ஏதோ போட்டி இருக்காமே?

தக்கலைநாற்கரம்:
ஐரோப்பிய மாணவியர் ஒலிம்பியாட், இஜிஎம்ஓ. 2012-ல் கேம்பிரிட்ஜில் தொடங்கினது, இந்தியாவும் அணி அனுப்புது, 4 பேர். தனிப் பரீட்சை கிடையாது, இதே ஏணிதான். மாணவியருக்குக் கூடுதல் இடங்களும் உண்டு, அதனால் கட்-ஆஃப் கொஞ்சம் கீழே வந்தா கைவிட்டுடாதீங்க, மாணவியர் பட்டியலைத் தனியாப் பாருங்க.

குளச்சல்காற்று:
ஐஎன்எம்ஓ வரை போற பிள்ளை இருந்தா இப்பவே மனசில் வைங்க: ஜனவரி மூணாவது ஞாயிறுன்னா பொங்கல் முடிஞ்ச கூட்டம். நாகர்கோவிலிலிருந்து சென்னை ரயிலில் நிக்கக்கூட இடம் இருக்காது. முன்பதிவு 60 நாளுக்கு முன்னாடி திறக்குது, அதாவது நவம்பர் நடுவில், ஆர்எம்ஓ எழுதின கையோட. ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம சென்னைக்கு இரண்டு டிக்கெட் போட்டு வைங்க, மையம் பக்கத்தில் வந்தா கேன்சல் பண்ணிக்கலாம்.

மார்த்தாண்டம் டீச்சர்:
கடைசியா ஒண்ணு. ஆர்எம்ஓவுக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் அனுமதி உண்டா?

பகாஎண்73:
ஸ்கேலும் காம்பஸும் உண்டு. பாகைமானியும் கால்குலேட்டரும் கிடையாது. பாக்ஸைத் திறந்து பாகைமானியை வீட்டிலேயே எடுத்து வச்சுட்டு அனுப்புங்க. ஒவ்வொரு கேள்வியும் புதுப் பக்கத்தில், கேள்வி எண்ணோடு தொடங்கணும்.